ஊரகச் சமூகவியல் சங்க உறுப்பினர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராமப்புறச் சமூக வாழ்வை ஆராயும் ஊரகச் சமூகவியல் துறையின் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு அனுப்பும் செய்திமடலில் மாநாட்டு அழைப்பு, ஆய்வு நல்கை, வேலைவாய்ப்பு, விருது, ஆய்விதழின் சிறப்பிதழுக்கான கட்டுரை அழைப்பு எனப் பலவும் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே அவசரத்துடனோ ஒரே அலட்சியத்துடனோ படிப்பதுதான் முதல் தவறு. ஏனெனில் இவ்வாய்ப்புகள் திரும்பி வரும் கால இடைவெளி ஒன்றுபோல் இருப்பதில்லை. 1937-இல் அமெரிக்காவில் உருவான ஊரகச் சமூகவியல் கழகம் ஆண்டுதோறும் கூடுகிறது. 1957-இல் தொடங்கப்பட்ட ஐரோப்பியக் கழகத்தின் மாநாடு ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. பன்னாட்டு ஊரகச் சமூகவியல் சங்கத்தின் உலக மாநாடோ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூடும். ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் 2020-இல் நடந்திருக்க வேண்டிய அவ்வுலக மாநாடு பெருந்தொற்றால் 2022-க்குத் தள்ளிப்போனது. ஆண்டு மாநாட்டைத் தவறவிட்டவர் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். உலக மாநாட்டைத் தவறவிட்ட முனைவர் பட்ட மாணவர், அடுத்தது வருவதற்குள் பட்டமே பெற்று வேறு வேலைக்குப் போயிருப்பார்.

கடைசி நாளைக் குறித்துக்கொள்பவர்கள்கூடக் கடைசி மணியைக் கவனிப்பதில்லை. 'உலகின் எந்த மூலையிலும்' என்ற குறிப்புடன் தேதி தரப்பட்டிருந்தால், உலகில் எங்கேனும் அந்த நாள் முடியாமல் இருக்கும்வரை, அதாவது உலக நேரப்படி (UTC) மறுநாள் நண்பகல் 12 மணி வரை அவகாசம் உண்டு. அந்தக் குறிப்பு இல்லாமல், சங்க அலுவலகம் இருக்கும் ஊரின் மாலை 5 மணி என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தால், கிழக்கு நாடுகளில் இருப்பவருக்கு அது நள்ளிரவாகவோ மறுநாளாகவோ அமையலாம். மேற்கே இருப்பவருக்கு முற்பகலிலேயே முடிந்துவிடலாம். உறுப்பினர் தகுதியும் இப்படியே. பயண உதவித்தொகைக்கும் மாணவர் கட்டுரைப் பரிசுக்கும் விண்ணப்பிக்கும் நாளிலேயே சந்தா நடப்பில் இருக்க வேண்டும் என்பது பல சங்கங்களில் வழக்கம். தேர்வானபின் புதுப்பிக்கலாம் என்று காத்திருப்பவரின் விண்ணப்பம் படிக்கப்படாமலேயே ஒதுக்கப்படக்கூடும்.

மாநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுச் சுருக்கத்தில் நிகழும் தவறு இவற்றைவிட ஆழமானது. 'ஊரகப் பகுதிகளில் இளைஞர் இடப்பெயர்வு ஆராயப்படும்' என்று எழுதிவிட்டு, எது ஊரகம் என்பதைச் சொல்லாமல் விடுவது இத்துறையில் வியக்கத்தக்க அளவுக்குப் பரவலாக உள்ளது. இந்தச் சொல்லுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. அமெரிக்கக் கணக்கெடுப்பு நிறுவனம் நீண்ட காலமாக 2,500 பேர் என்பதையே நகர்ப்பகுதியின் கீழெல்லையாக வைத்திருந்தது. 2020 கணக்கெடுப்பிலோ அது 5,000 பேர் அல்லது 2,000 குடியிருப்புகள் என மாற்றப்பட்டது. இதனால், ஒரு வீடுகூடக் கூடாமலும் குறையாமலும் பல சிற்றூர்கள் கணக்கில் மட்டும் நகரத்திலிருந்து ஊரகத்துக்கு மாறிவிட்டன. 2010-ஆம் ஆண்டின் ஊரக மக்கள்தொகையையும் 2020-ஆம் ஆண்டின் ஊரக மக்கள்தொகையையும் நேராக ஒப்பிட்டு, ஊரகம் மீண்டெழுகிறது என்றோ தேய்கிறது என்றோ எழுதும் சுருக்கம், மாறிய மக்களையும் மாறிய வரையறையையும் பிரித்தறியாமல் இரண்டையும் குழப்பிவிடுகிறது. அதே நாட்டில் மாநகர் சார்ந்த மாவட்டம், மாநகர் சாராத மாவட்டம் என்ற வேறொரு பகுப்பும் புழக்கத்தில் உள்ளது. மாநகர் சார்ந்த மாவட்டத்துக்குள்ளேயே ஊரக மக்கள் ஏராளமாக வாழ்வதால், இரண்டையும் ஒரே பொருளில் எழுதுவது பிழை. இந்தியக் கணக்கெடுப்போ ஆள்தொகையோடு மக்கள் நெருக்கத்தையும் ஆண் தொழிலாளர்களின் வேளாண்மை சாராத உழைப்பையும் சேர்த்துப் பார்க்கிறது. இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, எந்த வரையறையைக் கொண்டோம், ஏன் கொண்டோம் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுவதால் சுருக்கம் நீண்டுவிடாது. மதிப்பிடுபவர் முதலில் தேடுவதும் அந்த வாக்கியத்தைத்தான் என்பது என் எண்ணம்.

இன்னும் செய்யாத களப்பணியின் முடிவைத் தருவதாகச் சுருக்கத்தில் வாக்குறுதி கொடுப்பதும் அடிக்கடி காணும் குறை. முடிவு இன்னும் இல்லையென்றால், எத்தனை நேர்காணல்கள் முடிந்தன, எந்தத் தரவு கையில் உள்ளது என்று நேர்மையாகச் சொல்வதே மேல்.

வேலை அறிவிப்புகளில் 'ஊரகச் சமூகவியல்' என்ற சொல்லை மட்டும் தேடுபவர்கள் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்புகளைக் காணாமல் கடந்துபோகிறார்கள் என்றே தோன்றுகிறது. துறையின் பெயரே பல இடங்களில் மாறிவிட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஊரகச் சமூகவியல் துறையாக இருந்தது சமூகம், சுற்றுச்சூழல் சார்ந்த சமூகவியல் துறை என்று மாறியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் அது வளர்ச்சிச் சமூகவியல் என்று பெயர் மாறியது. இயற்கை வள மேலாண்மை, பொதுச் சுகாதாரம், மக்கள்தொகையியல், உணவு முறைமைகள், வேளாண் விரிவாக்கம் ஆகிய தலைப்புகளின்கீழும் இதே பயிற்சியுடையவர்களைத் தேடுகிறார்கள். அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தால், அரசு வழங்கிய நிலத்தின் துணையோடு உருவான 'நில நல்கை'ப் பல்கலைக்கழகங்களில் பணியிடத்தைக் கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் என்று விழுக்காட்டால் பிரிப்பது வழக்கம். விரிவாக்கப் பணி என்பது 1914-ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் நிறுவிய, மக்களிடம் நேரடியாகச் செல்லும் கடமை. அறிவிப்பில் பாதிப் பங்கு விரிவாக்கத்துக்கு என்றிருக்க, விண்ணப்பக் கடிதம் முழுவதும் ஆய்விதழ்க் கட்டுரைகளைப் பற்றியே பேசினால், தேர்வுக்குழு அதை வேறொரு வேலைக்கான கடிதமாகவே எடுத்துக்கொள்ளும்.

விருதுகளைப் பொறுத்தவரை ஒரே தவறுதான்: யாராவது பரிந்துரைப்பார்கள் என்று காத்திருப்பது. தம்மைத் தாமே முன்மொழிய விதி அனுமதித்தால் அதைச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அனுமதிக்காவிட்டால், மூத்தவர் ஒருவரிடம் கடைசி நாளுக்குப் போதிய கால இடைவெளி விட்டு, தற்குறிப்பையும் சேர்த்துக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

சங்கத்தின் பெயரைப் போலவே ஒலிக்கும் போலி மாநாடுகளும் அழைப்பு அனுப்புகின்றன என்பதை மறக்கக் கூடாது. அனுப்பிய சுருக்கத்துக்கு இரண்டே நாளில் ஒப்புதல், சமூகவியலிலிருந்து பொறியியல் வரை எல்லாத் துறைக்கும் ஒரே மேடை, நிகழ்ச்சி நிரலுக்கு முன்பே கட்டணக் கோரிக்கை ஆகியவை ஒன்றாகத் தென்பட்டால் விலகிவிடுவது நல்லது. உண்மையான மாநாட்டை நடத்துபவர் யார் என்பதை அந்தச் சங்கத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பில் சரிபார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

கடைசியாக, உறுப்பினர்கள் செய்தி பெறுவது மட்டுமன்றி, தம் ஆய்வைப் பற்றிச் செய்தி தருபவர்களாகவும் இருக்கிறார்கள். கட்டுரையில் ஊருக்குப் புனைபெயர் சூட்டிவிட்டு, செய்திமடலுக்கு அனுப்பும் படத்தில் அவ்வூரின் பெயர்ப்பலகையைக் காட்டிவிடுவது இங்கே எளிதில் நேரும் பிழை. புனைபெயர் மட்டும் ஒருவரையும் காப்பதில்லை என்பதைத் துறை பல்லாண்டுகளுக்கு முன்பே பட்டறிந்திருக்கிறது. 1958-இல் நியூயார்க் மாநிலச் சிற்றூர் ஒன்றைப் பற்றிய ஆய்வு 'ஸ்பிரிங்டேல்' என்ற புனைபெயரில் வெளிவந்தபோது, ஊர்மக்கள் தம்மையும் தம் தலைவர்களையும் எளிதாக அடையாளம் கண்டுகொண்டார்கள். அவ்வூரின் ஜூலை 4 ஊர்வலத்தில், நூலில் தமக்குச் சூட்டப்பட்ட பெயர்களுடன் முகமூடி அணிந்து சென்றார்கள். அவர்களுக்குப் பின்னால் எரு தூவும் வண்டியொன்றில் ஆய்வாளரின் உருவபொம்மை வைக்கப்பட்டிருந்தது. சிறிய ஊரில் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்தான், பால் கூட்டுறவுத் தலைவரும் ஒருவர்தான் இருப்பார் என்பதால், பதவியைச் சொன்னாலே பெயரைச் சொன்னதாகிவிடும். ஆகவே செய்திக்குறிப்பை அனுப்பும் முன், அதை அந்த ஊர்க்காரர் ஒருவர் படிப்பதாக எண்ணி, படத்தையும் பதவிகளையும் மாவட்டத்தின் பெயரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.