வெயில் கூண்டில் மரம் காயவைப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் புதிதாகக் கட்டிய வெயில் கூண்டைப் பார்க்கப் போனேன். சோலார் கில்ன் என்பார்களே, வெயில் சூட்டில் பலகை காயவைக்கும் அறை, அதுதான். உள்ளே கறுப்பு பெயின்ட், மேலே கண்ணாடி ஷீட், நாலு ஃபேன், எல்லாம் நேர்த்தி. ஆனால் அவ்வளவு பெரிய கூண்டுக்குள் அப்போதுதான் அறுத்த வாகைப் பலகை பத்தே பத்து, சன்னல் இரண்டும் அகலத் திறந்திருக்க ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. "பதினஞ்சு நாள்ல காஞ்சிரும்ல அண்ணே?" என்றார். எனக்குப் பகீரென்றது. 2019-ல் நான் செய்ததும் இதேதான்.

ரீப்பர் வைத்து அடுக்குவது, தரையில் படாமல் வைப்பது எல்லாம் மரம் அறுக்கும் மில்லிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பெரிய கூண்டு, கொஞ்சம் மரம்

கஜா புயலில் எங்கள் வீட்டுப் பலா சாய்ந்தது. நல்ல வைரம் பாய்ந்த மரம். ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்து, கூண்டில் வைத்து, சீக்கிரம் காய்ந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். மேலே ஒரு கீறல் கிடையாது. கதவு செய்ய ஆசாரி நீளவாக்கில் அறுத்தபோது, அறுத்த இரண்டு பாதியும் ஒன்றையொன்று நெருங்கி ரம்பத்தைக் கவ்விக்கொண்டன. குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வெடிப்பு. எட்டுப் பலகையும் அப்படியே. தாத்தா வைத்த மரம், இன்னொன்று வாங்கவா முடியும்?

நடந்தது இதுதான். ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்க ஆரம்பிக்கும். பலகையின் மேல்பரப்பு, அதாவது தோல், அவசரமாகக் காய்ந்து சுருங்கப் பார்க்கும், ஈரமாக இருக்கும் நடுப்பகுதி விடாது, தோல் இழுபட்ட நிலையிலேயே இறுகிப்போகும். அப்புறம் நடு காய்ந்து சுருங்கும்போது இறுகிய தோல் அதை விடாது. நடு உள்ளுக்குள்ளேயே பிளந்துகொள்ளும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் கூண்டு அளவைத்தான் பலரும் பார்த்துக் கட்டுகிறோம். ஓர் அங்குலப் பலகை என்றால் 1 சதுர அடி கூரைக்கு 10 போர்டு அடி மரம் என்பது அதன் கணக்கு. ஒரு கன அடி 12 போர்டு அடி. என் கூரை 60 சதுர அடி, அதற்கு ஓர் அங்குலக் கணக்கிலேயே 50 கன அடி மரம் இருந்திருக்க வேண்டும். நான் வைத்தது 12. நாலு மடங்கு வெயிலை அந்தப் பலகைகள் தலையில் கொட்டியிருக்கிறேன்.

மரம் குறைவா, கூரையில் அந்த அளவுக்குத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பச்சை மரத்துக்கு முதல் சில வாரம் சன்னலை விரல் அகலம் திறந்தால் போதும். ராத்திரி ஃபேனை நிறுத்துங்கள், தயவுசெய்து. ராத்திரி கூண்டுக்குள் ஈரப்பதம் ஏறித் தோல் கொஞ்சம் இளகும், பகலில் ஏறிய இறுக்கம் தளரும். வெயில் கூண்டின் பெரிய நன்மையே அதுதான், அதைக் கெடுத்துவிட்டு எதற்குக் கூண்டு?

ஈரம் அளக்கும் மீட்டர் சொன்னால் வேதவாக்கு

"மீட்டர் 12 காட்டுதே" என்று என்னிடம் வாதாடாதவர் இல்லை. குட்டை ஊசி மீட்டர் தோலைத்தான் அளக்கும், நடுவில் 25 இருக்கலாம். பலகை முனையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ் ஓவனில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 250 கிராம் 200 ஆனால், குறைந்த 50-ஐக் காய்ந்த எடை 200-ஆல் வகுக்க வேண்டும்: 25 சதவீதம். 250-ஆல் வகுத்துவிட்டு 20 என்று நம்புகிறவர்களும் உண்டு.

கூரைச் சாய்வு

கூரைச் சாய்வை ஊரின் அட்சரேகையை ஒட்டி வைப்பார்கள். வர்ஜீனியா 37 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, நம் டெல்டா 10, 11-ல். மழைத்தண்ணீர் வழிய 15 டிகிரி போதும்.

முனைப்பூச்சு

முனை வெடிக்காமல் இருக்கப் பலகையின் இரண்டு முனையிலும் பூசுவது. அறுத்த அன்றே. மறுநாள் இல்லை.

காற்று சுற்றிப் போவது

அடுக்குக்கு மேலேயும் பக்கத்திலும் இருக்கும் இடைவெளியைத் தார்ப்பாயால் அடையுங்கள்.

சோதிக்காமல் வெளியே எடுப்பது

பலகையின் நடுப்பக்கத்தில் குறுக்கே ஓர் அங்குலத் துண்டு வெட்டி, அதன் நடுவை எடுத்துவிட்டு, இரண்டு பல் உள்ள கவை மாதிரி ஆக்குங்கள். பல் இரண்டும் நேராக நின்றால் சரி. உள்பக்கமாக வளைந்தால் தோல் இறுகியிருக்கிறது. ஈரச் சாக்கை உள்ளே தொங்கவிட்டு, சன்னலை அடைத்து, ஒரு நாள் விட்டு இன்னொரு துண்டு வெட்டிப் பாருங்கள். உள்ளே ஏற்கெனவே வெடித்திருந்தால் இதனால் சேராது.