லேம் டக்: எங்கே, எப்படி எழுதுவது?

செய்தி மொழிபெயர்ப்புக்கு வந்த புதிதில், ஆங்கிலத்தில் ‘லேம் டக்’ (lame duck) அதிபர் என்றிருந்ததைச் சொல்லுக்குச் சொல் ‘நொண்டி வாத்து அதிபர்’ என்று எழுதிக் கொடுத்தேன். மூத்தவர் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, “வாத்து எங்கேப்பா வந்தது?” என்றார்.

அமெரிக்காவில் நவம்பரில் தேர்தல். புதியவர் பதவியேற்பது ஜனவரி 20. அதுவரை நாற்காலியில் இருக்கும் பழையவர்தான் லேம் டக். அவர் கையெழுத்து செல்லும், பேச்சுதான் எடுபடாது. அதனால் ‘அதிகாரமற்ற அதிபர்’ என்று எழுதாதீர்கள். மன்னிப்பு வழங்கும் அதிகாரம்கூட அப்படியே இருக்கிறது. ‘விடைபெறும் அதிபர்’ போதும். பதவியிலேயே இல்லாத, தோற்ற வேட்பாளருக்கு இது பொருந்தாது.

பிரிட்டிஷ் பத்திரிகை என்றால் கொஞ்சம் நிதானம். அங்கே தள்ளாடும் கம்பெனியையும் இப்படிச் சொல்வார்கள். சொல் பிறந்ததே லண்டன் பங்குச் சந்தையில், கடனைக் கட்ட முடியாத தரகருக்கு வைத்த பெயராக.