சேலத்தில் உட்கார்ந்தபடியே மீத்தேன் கசிவைத் தேடுவது எப்படி?

மீத்தேன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அகச்சிவப்பு ஒளியில் சில அலைநீளங்களை விழுங்கிவிடும். செயற்கைக்கோள் பார்ப்பது அந்தக் குறைவைத்தான். நமக்கு ஒரு லேப்டாப்பும், ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கோப்பர்னிக்கஸ் பிரவுசர் தளத்தில் ஒரு இலவசக் கணக்கும் போதும்.

முதலில் சென்டினல்-5பி என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள். 2017 அக்டோபரில் ஏவியது, தினமும் பூமி முழுக்கப் பார்க்கிறது. ஆனால் அதன் படத்தில் ஒரு கட்டம் (பிக்சல்) 5.5க்கு 7 கிலோமீட்டர். ஏற்காடு டவுன், ஏரி, பக்கத்துக் காப்பித் தோட்டம் எல்லாம் ஒன்றிலேயே அடங்கிவிடும். எந்த வட்டாரத்தில் கூடுதல் என்று சொல்லும், எந்தக் கிணறு என்று சொல்லாது. (எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் உள்ள நரிமணம், குத்தாலம் பக்கம் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், அங்கே தண்ணீர் கட்டிய நெல்வயலும் மீத்தேன் விடும்.)

கிணற்றைப் பிடிக்க சென்டினல்-2 செயற்கைக்கோள்கள். 20 மீட்டர் கட்டம், 5 நாளுக்கு ஒரு படம். எல்1சி படத்தை (காற்று மண்டலத்தின் தாக்கத்தைத் திருத்தாத படம்) எடுத்து, கஸ்டம் பகுதியில் இரண்டு பட்டைகளை ஒப்பிடும் இண்டெக்ஸுக்குள் பி12, பி11 என்ற அகச்சிவப்புப் பட்டைகள் இரண்டையும் போடுங்கள். மீத்தேன் பி12ஐ நன்றாக விழுங்கும், பி11ஐ அவ்வளவாகத் தொடாது, அதனால் வாயு மிதக்கிற இடம் மட்டும் மதிப்பு இறங்கி வால் மாதிரி நீளும். மணிக்குச் சில டன் போகிற பெரிய கசிவுதான் தெரியும், அதுவும் வெளிறிய பாலைவனத்தில். கை பழக அல்ஜீரியாவின் ஹாசி மெசவுத் எண்ணெய் வயலைத் திறங்கள், 2019 அக்டோபரிலிருந்து 2020 ஆகஸ்ட் வரை அங்கே ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கசிந்தது.

நான் அதைச் செய்யாமல், ஊர்ப்பாசத்தில் முதல் நாளே சேலத்தைத் திறந்தேன். வெள்ளக்கல்பட்டிப் பக்கம், மேக்னசைட் தோண்டிய இடத்தில் அழகாக ஒரு வால்! கேஸ் கிணறே இல்லாத ஊரில் இது எங்கிருந்து என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கார்பனேட் கல்லும் கிட்டத்தட்ட அதே அலைநீளத்தில் ஒளியை விழுங்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அடுத்த படத்திலும் அதற்கடுத்த படத்திலும் அந்த வால் அப்படியே, அசையாமல் கிடந்தது.

அதனால் ஒரு படத்தை நம்பாதீர்கள். கசிவு இல்லாத ஒரு நாள் படத்தை எடுத்துக் கழித்துப் பாருங்கள், கல்லும் கூரையும் ரோடும் மறைந்துவிடும். அப்புறம் இஆர்ஏ5 என்ற ஐரோப்பிய வானிலைத் தரவில் அந்த நேரத்துக் காற்றின் திசையைப் பாருங்கள், வால் அந்தப் பக்கம் போகாவிட்டால் விட்டுவிடலாம். எண்ணெய் வயல்களில் வேண்டாத வாயுவை எரிக்கிற சுவாலை பி12இல் பளிச்சென்று தெரியும். போன வாரம் பளிச்சிட்ட புள்ளி இன்று இருண்டு, அங்கிருந்தே வால் கிளம்பினால், எரிக்க வேண்டிய வாயுவை அப்படியே திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். மேற்கு துர்க்மெனிஸ்தானில் பெரும்பாலும் இதே கதைதான்.

மணிக்கு எத்தனை டன் என்ற கணக்கு தனி வேலை, பிரவுசர் படத்திலிருந்து நேராக வராது. வாலில் உள்ள வாயுவின் மொத்த எடையைக் காற்றின் வேகத்தால் பெருக்கி வாலின் நீளத்தால் வகுக்க வேண்டும். காற்று நொடிக்கு 2 மீட்டரா 4 மீட்டரா என்பதிலேயே விடை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும், ஆகவே ஒற்றை எண்ணாகப் போடாமல் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்றே குறித்து வையுங்கள்.