கானாங்கோழியைக் குரலை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி?

கோரைக்குள் பதுங்கும் பறவையைக் கண்ணால் தேடினால் பாதி நாள் வீணாகிவிடும். காதால் தேடப் பழகுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கானாங்கோழியைத்தான். பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஊர்க்குளம், வயலோர வாய்க்கால் என எங்கும் உண்டு.

முதலில் நேரம். மழை பெய்து குளம் நிறைந்த பிறகு போங்கள். கூடு கட்டும் காலத்தில்தான் ஓயாமல் கத்தும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் அமைதி. விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் நல்லது. மேகமூட்டம் இருந்தால் பகலிலும் கேட்கும். கரையில் ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள்.

அடுத்தது, குரலின் தொடக்கத்தைத் தவறவிடக் கூடாது. உறுமல், கொக்கரிப்பு, கரகரப்பு எல்லாம் கலந்து, புதருக்குள் நாலைந்து பேர் சண்டை போடுவதுபோல ஒரு ரகளை எழும். பிறகு அது அடங்கி, ‘க்ரூ-வாக், க்ரூ-வாக்’ என்று ஒரே தாளத்தில் நிமிடக்கணக்கில் நீளும். ரகளை, அதைத் தொடர்ந்து தாளம்: இந்த வரிசைதான் அடையாளம். கேட்டதை உடனே உங்களுக்குத் தோன்றிய எழுத்தில் குறித்துவையுங்கள், குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் செயலியைத் திறப்பதற்கு முன்பே. பெயர் தெரிந்துவிட்டால் காது அந்தப் பெயருக்கேற்பக் கேட்கத் தொடங்கிவிடும்.

மற்றவற்றைக் கழித்துவிடுங்கள். தவளைகள் பெரும்பாலும் கூட்டமாகக் கத்தும், பக்கத்தில் காலடி விழுந்தால் சட்டென்று நிறுத்தும். தாழைக்கோழி ‘க்ர்ருக்’ என்று வெடுக்கென ஒருமுறை கத்திவிட்டு நிறுத்திக்கொள்ளும். திறந்த நீரிலிருந்து படபடவென்று நடுங்கும் கீச்சொலி வந்தால் முக்குளிப்பான்.

இப்போது கைபேசியில் ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். பறவைக் குரல்களைச் சேர்த்துவைக்கும் ஸெனோ-கான்டோ இணையதளத்தில் இதே பறவையின் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கும். வீட்டுக்கு வந்து ஒப்பிடுங்கள். பெயர் சொல்லும் மெர்லின் செயலியும் உதவும். ஆனால் அது சொன்ன பெயரை மட்டும் நம்பி பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்ட் தளத்தின் பட்டியலில் ஏற்றாதீர்கள், உங்கள் குறிப்போடு பொருந்த வேண்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பதிவை அங்கேயே ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். போட்டிக்கு வேறொன்று வந்துவிட்டதென்று எண்ணி, அடைகாப்பதை விட்டு எழுந்து வரக்கூடும். முட்டை காக்கையின் கண்ணில் பட அந்தச் சில நிமிடம் போதும். பொறுமையாக இருந்தால் தானாகவே கரையோரம் வரும்: வெள்ளை முகம், வெள்ளை மார்பு, ஆட்டிக்கொண்டே நடக்கும் வாலுக்கடியில் செம்பழுப்பு.

இது பிடிபட்டதும் தண்ணீர்க்கோழிக்குப் போகலாம். ஆண் பறவை அடித்தொண்டையில் ‘உடும்ப், உடும்ப்’ என்று முழங்கும்.