இரண்டாவது மிதியில் இறுகும் பெடல்: புதுக் காரின் பிரேக் புகாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாமக்கல்லில் இருக்கும் என் மைத்துனர், புதுக் கார் வாங்கிய நான்காம் மாதம் பிரேக் சரியில்லை என்று சர்வீஸ் சென்டருக்குப் போனார். பத்து நிமிடம் நின்று விளக்கினார். நெரிசலில் முதல் தடவை மிதித்தால் நன்றாகப் பிடிக்கிறது. உடனே மறுபடி மிதித்தால் பெடல் கல்லாக இறுகிவிடுகிறது, வண்டி நிற்காமல் நழுவுகிறது என்றார். அட்வைசர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு ஜாப் கார்டில், அதாவது புகாரையும் செய்த வேலையையும் குறிக்கும் தாளில், எழுதியது இரண்டே சொற்கள்: "பிரேக் செக்." மாலையில் வண்டி திரும்பி வந்தபோது அதற்கு நேரே "ஓகே" என்று இருந்தது. கூடவே வாய்மொழியாக ஓர் ஆறுதலும் கிடைத்தது: "இந்த மாடல் எல்லாமே இப்படித்தான் சார்."

இதுபோல மூன்று முறை நடந்தது. அந்த மூன்று தாள்களையும் என்னிடம் கொண்டுவந்து, "இவ்வளவு ஆதாரம் இருக்கிறது மாமா, கம்பெனியை விசாரிக்க வைக்க முடியாதா?" என்று கேட்டார். பார்த்தால் அத்தனையும் அவருக்கு எதிரான ஆதாரம். மூன்று முறை சோதித்தோம், மூன்று முறையும் குறையில்லை என்று கம்பெனி சொல்வதற்கு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

முதல் தவறும் மிகப் பெரிய தவறும் இதுதான்: ஜாப் கார்டைப் படிக்காமல் கையெழுத்திடுவது. சாவியை நீட்டும் அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான். அட்வைசரிடம் நீங்கள் சொன்னது காற்றோடு போய்விடும். தொழிற்சாலையில் இருக்கும் பொறியாளர் பார்க்கப்போவது அந்த ஒரு வரியை மட்டுமே. உங்கள் வாக்கியத்தை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் தனித்தாளில் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "எல்லா வண்டியும் இப்படித்தான்" என்று சொன்னால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர ஆள் கிடைக்காது. ஆனால் அந்தப் பேச்சு அத்தோடு நிற்கும்.

அடுத்தது, "பிரேக் வீக்காக இருக்கிறது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது. மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்பது போன்றது இது. மிதித்தால் பஞ்சுபோல அமுங்குகிறதா? எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் ஏதோ ஒரு பக்கத்தில் சரியில்லாததோ டயரோ காரணமாக இருக்கலாம். பெடல் இறுகிப்போய், முழு பலத்தோடு மிதித்தால்தான் நிற்கிறது என்றால், நம் கால் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டரையும் அதற்கு வெற்றிடம் தரும் குழாயையும் வால்வையும் பார்க்க வேண்டும்.

பூஸ்டரை நின்ற இடத்திலேயே நீங்களே ஓரளவு சோதிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள், கடைசியில் இறுகிவிடும். காலை எடுக்காமல் அப்படியே இன்ஜினை இயக்குங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லையென்றால் அங்கே கோளாறு இருக்கிறது. வீட்டு வாசலில் செய்ய வேண்டிய சோதனை அவ்வளவுதான். பைபாஸில் நூறில் போய் மிதித்து, பக்கத்து இருக்கையில் ஒருவரைக் கைப்பேசியில் படமெடுக்க வைப்பதெல்லாம் வேண்டாத வேலை. பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் ஆராய்ச்சி தெரியாது.

குறை எப்போது வருகிறது என்று சொல்லாமல் விடுவதும் இதே வகைத் தவறு. மைத்துனர் வண்டியை சர்வீஸ் சென்டர் ஆள் காலியான சாலையில் ஒரு சுற்று ஓட்டி, ஒரு முறை மிதித்துப் பார்த்தார். முதல் மிதி நன்றாகத்தானே இருக்கும்? கோளாறே இரண்டாவது மிதியில் அல்லவா ஒளிந்திருந்தது!

2018-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். டெஸ்லா மாடல் 3 காரைச் சோதித்த கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து அது நிற்க 152 அடி ஆகிறது என்றது. ஏறக்குறைய 46 மீட்டர். ஃபோர்டு எஃப்-150 என்ற பெரிய பிக்கப் வண்டியைவிடவும் அது 7 அடி அதிகம். எங்கள் சோதனையில் 133 அடிதான் வருகிறது என்று டெஸ்லா மறுத்தது. ஆனால் அந்த அமைப்பு, முதல் நிறுத்தம் குறைந்த தூரத்தில்தான் முடிந்தது, அடுத்தடுத்த நிறுத்தங்களில்தான் தூரம் கூடியது என்று தெளிவாகப் பதிவு செய்திருந்தது. தனியார் ஒருவரின் காரை இரவல் வாங்கி அதிலும் அதையே கண்டது. சில நாட்களிலேயே டெஸ்லா மென்பொருளைத் திருத்தி அனுப்பியது. மறுசோதனையில் அந்த 133 அடி கிடைத்தது. நம்மிடம் சோதனைத் தடம் கிடையாது. ஆனால் எத்தனையாவது மிதி, ஏசி ஓடியதா, இன்ஜின் சூடாக இருந்ததா, வண்டியில் எத்தனை பேர், ஓடோமீட்டர் எவ்வளவு காட்டியது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கப் பேனா போதும். அதே மாடல் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவர் வண்டியையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

நம் பக்கத்துக் காரணங்களைக் களையாமல் போனால் முதல் கேள்வியிலேயே மடங்கிவிடுவோம். புது பிரேக் பேட் பதிந்து அமைய முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் எந்தக் காரின் பிரேக்கும் சூடேறி வலுவிழக்கும். அது உற்பத்திக் குறை ஆகாது. பெடலுக்கு அடியில் சுருளும் கூடுதல் மேட், கம்பெனி பரிந்துரைக்காத அகல டயர் போன்றவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள்.

தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கழற்றிப் பார்ப்பது நம் ஊரில் தவிர்க்க முடியாத ஆசை. அவர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனாலும் வெளியாள் கை வைத்துவிட்டார் என்று வாரண்டியை மறுக்க அது வழி திறந்துவிடும். மாற்றிய பாகத்தோடு சான்றும் போய்விடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் கணினியில் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளை ஸ்கேனரால் அழித்துவிட்டால் அவ்வளவுதான். சர்வீஸ் சென்டரிலும், அழிப்பதற்கு முன் அந்தப் பட்டியலின் அச்சுப்படியைக் கேட்டு வாங்குங்கள். பிரேக் உண்மையிலேயே பிடிக்கவில்லை என்றால் இழுவை வண்டியை அழையுங்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது ஆபத்து. "ஓட்டிக்கொண்டுதானே வந்தார்" என்ற பதிலுக்கும் அது இடம் கொடுக்கும்.

டீலரோடு நின்றுவிடுவது இன்னொரு தவறு. டீலர் தனி வியாபாரி. வடிவமைப்புக் குறையை விசாரிக்கும் ஆய்வகம் அவரிடம் இல்லை. இரண்டாவது முறையும் "ஓகே" என்று வந்தால் உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதன் அச்சுப்படியை ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். சேசிஸ் எண், வாங்கிய தேதி, ஓடிய தூரம், ஜாப் கார்டு எண்கள், குறை தோன்றும் சூழல் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். மனவேதனையை நான்கு பக்கம் எழுதினால் அதைத் தாண்டிப் பொறியாளர் வரவே மாட்டார். கேட்க வேண்டியதும் குறிப்பாக இருக்கட்டும்: கம்பெனியின் தொழில்நுட்ப அதிகாரி என்னோடு அமர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும், அதே மாடலின் வேறொரு வண்டியோடு ஒப்பிட வேண்டும், முடிவை எழுத்தில் தர வேண்டும்.

எடுத்த எடுப்பில் புது வண்டி கேட்பது கடிதத்தைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடும். பழுதான பாகத்தை மாற்றித் தந்தால் போதும் என்று வாரண்டி இருக்கும்போது முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. முதலில் விசாரணையைக் கேளுங்கள்.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். "பார்க்கிறோம் சார்" என்ற பதில்களிலேயே ஒன்றரை ஆண்டு கரைந்துவிடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். குறையைக் கண்டறிய ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி ஆணையமே அதற்கு அனுப்பலாம். பலர் அதைக் கேட்க மறந்து, வெறும் வாய்வார்த்தையில் வழக்கை இழக்கிறார்கள். காற்றுப்பை விரியாத வழக்கு ஒன்றில், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனாலும் குறிப்பு நோட்டோடு வருகிறவருக்கே வேலை சுலபம்.

குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்பப் பெற்றுச் சரிசெய்வதற்கான (ரீகால்) மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தை அநேகம் பேர் எட்டிப் பார்ப்பதே இல்லை. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளின் பாதுகாப்புக் குறைகளை அங்கே பதியலாம். ஒரே மாடலுக்குப் புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டால் அரசே விசாரித்துத் திரும்பப் பெற உத்தரவிடலாம். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. உங்கள் ஒரு புகாரால் உடனே எதுவும் நடக்காது. அதே மாடல்காரர் பத்துப் பேரையும் பதியச் சொல்லுங்கள்.

மைத்துனர் நான்காவது முறை, ஒரு பக்கக் கடிதத்தோடு போனார். மூன்று வாரம் கழித்துக் கம்பெனி அதிகாரி வந்தார். ஏசியைப் போட்டு, நெரிசலில் வைத்து, அடுத்தடுத்து மூன்று முறை மிதிக்கச் சொன்னார் மைத்துனர். மூன்றாவது மிதியில் அதிகாரியின் முழங்கால் விறைத்ததைப் பார்த்ததாகச் சொன்னார். பூஸ்டர் குழாயில் இருக்கும் ஒருவழி வால்வு சிக்கிக்கொண்டு, வெற்றிடம் மறுபடி நிரம்பத் தாமதமாகியிருந்தது; அதை மாற்றினார்கள். பில் தொகை பூஜ்யம் என்பதால் தாள் எதற்கு என்றார் அட்வைசர். விடாமல் கேட்டு வாங்கிய அந்த ஜாப் கார்டில், "அடுத்தடுத்த மிதியில் பெடல் இறுகுகிறது; வால்வு மாற்றப்பட்டது" என்று பாக எண்ணோடு இருக்கிறது. ஆர்சி புத்தகத்தோடு அதையும் டாஷ்போர்டில் வைத்திருக்கிறார்.