மூடி போட்டதும் தூரம் தப்பாகக் காட்டிய லேசர் சென்சார்

கல்லூரிப் போட்டிக்கு 60 செ.மீ. ஆழ டிரம்மில் தண்ணீர் மட்டம் அளக்கும் கருவி. சென்சார் விஎல்53எல்0எக்ஸ்: 940 நானோமீட்டர் லேசர், சுமார் 2 மீட்டர் எட்டும். மேசைமேல் சரியாக அளந்தது. பெட்டியில் வைத்து மூடியதும், டிரம் காலியாக இருந்தாலும் 4 செ.மீ. என்றே காட்டியது.

கோளாறு 3 மி.மீ. அக்ரிலிக் மூடியில். லேசர் அதன் உள்பக்கத்தில் பட்டுத் திரும்பி, பக்கத்திலேயே இருக்கும் வாங்கும் துளைக்குள் விழுகிறது. மூடியை 1 மி.மீ. ஆக்கி சென்சாரோடு ஒட்டினாற்போல் வைத்தேன். லேசர் வெளிவரும் துளைக்கும் வாங்கும் துளைக்கும் நடுவே கறுப்பு ஃபோம் கீற்று ஒன்று. அது துளையை மறைத்துவிடாமல் பார்த்து ஒட்டவும். பிறகு மூடியோடு சேர்த்தே கிராஸ்டாக் (மூடியில் பட்டு நேரே வாங்கும் துளைக்குத் திரும்பும் ஒளி) அளவீடு எடுக்க வேண்டும்.

அடுத்து தண்ணீரே தொல்லை. தெளிந்த நீர் கண்ணாடி மாதிரி. கொஞ்சம் அலைந்தாலும் ஒளி வேறு பக்கம் போய்விடும். வெள்ளைத் தெர்மோகோல் வட்டம் மிதக்கவிட்டேன். பார்வைக் கோணம் 25 டிகிரி, 60 செ.மீ. தூரத்தில் அது 27 செ.மீ. அகலம். ஆகவே வட்டம் 30 செ.மீ. அகலம். அதைவிடச் சின்னதாக வெட்டினால் டிரம்மின் அடியும் சேர்ந்து அளவில் கலக்கும்.

இரண்டாவது சென்சார் சேர்ப்பவர்களுக்கு: இரண்டுக்கும் முகவரி (நிரல் சென்சாரை அடையாளம் காணும் எண்) ஹெக்ஸ் 29தான். எக்ஸ்ஷட் என்ற, சென்சாரை அணைக்கும் பின் மூலம் ஒன்றை அணைத்து வைத்து, மற்றதன் முகவரியை மாற்றுங்கள். மின்சாரம் போனால் சென்சார் புது முகவரியை மறந்துவிடும், எனவே இதைத் தொடக்க நிரலிலேயே எழுதுங்கள். எண் துள்ளினால் அளக்கும் நேரத்தை 33 மில்லிசெகண்டிலிருந்து 200 ஆக்குங்கள்.