காங்கல் குட்டியை மந்தைக் காவலுக்குப் பழக்குவது எப்படி?

துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் உள்ள காங்கல் என்னும் ஊரின் பெயரையே பெற்ற இந்நாய், வெளிர்பழுப்பு உடலும் கரிய முகமும் கொண்டது. வளர்ந்த ஆண் நாய் 50 கிலோவைத் தாண்டுவது இயல்பு. ஆடுகளை விரட்டி ஓட்டுவது இதன் தொழிலன்று. அவற்றுடனேயே கிடந்து ஓநாயிடமிருந்து காப்பதே இதன் தொழில். மேய்ப்பர் உறங்கும் நள்ளிரவில், எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று தானே முடிவெடுக்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டதால், சொன்னதும் ஓடிவந்து உட்காரும் நாயை விரும்புவோர் காங்கலை வாங்காதிருப்பதே நல்லது.

மந்தையோடு வாழும் பெற்றோருக்குப் பிறந்த குட்டியாகப் பார்த்து, எட்டு வாரத்தில் பட்டிக்குக் கொண்டுவருவது நலம். பட்டிக்குள்ளேயே சிறு தடுப்பு அமைத்து, முட்டித் தள்ளாத சாதுவான ஆடுகள் சிலவற்றை அருகில் விட்டு, தீனியும் தண்ணீரும் படுக்கையும் அங்கேயே கொடுத்தால், குட்டி அந்த ஆடுகளைத் தன் கூட்டமாகவே கொள்ளும். நான்கு மாதத்திற்குள் அமையும் இப்பிணைப்பைப் பின்னால் உண்டாக்குவது மிகக் கடினம். அதற்காக மனித வாடையே படாமல் வளர்த்துவிடவும் கூடாது. வீட்டார் தொடுவதற்கும், மருத்துவர் காதையும் வாயையும் பார்ப்பதற்கும், சங்கிலியில் நடப்பதற்கும் அது பழகியிருக்க வேண்டும். பெரிய உடலாயிற்றே என்று குட்டிக்கு அளவின்றித் தீனியும் சுண்ணாம்புச்சத்தும் கொடுத்தால் எலும்பும் மூட்டும் கெடும்.

பலர் பொறுமை இழப்பது ஐந்தாம் மாதத்திற்கும் ஓராண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான். விளையாட்டாக ஆட்டுக்குட்டியைத் துரத்தும், காதைக் கடிக்கும், ரோமத்தைப் பிடித்து இழுக்கும். இது கொலைவெறி அன்று. ஆயினும் விட்டுவிட்டால் வழக்கமாகிவிடும். அப்போதே அதட்டித் தடுத்து, சிறிது காலம் வளர்ந்த ஆடுகளோடு மட்டும் விட வேண்டும். அனுபவமுள்ள மூத்த நாய் உடனிருந்தால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஏறத்தாழ இரண்டு வயதாகும் வரை, ஆடுகள் ஈனும் நேரத்தில் இதைத் தனியே விடுவது சரியன்று.

முதிர்ந்த காங்கல் எடுத்த எடுப்பில் கடிக்காது: முதலில் குரைக்கும், பின் மந்தைக்கும் வந்தவனுக்கும் நடுவே வந்து நிற்கும், அதற்கும் அஞ்சாதவன் மேலேயே பாயும். துருக்கிய மேய்ப்பர் ஓநாய்க் காட்டில் இதன் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை பூட்டுவது குரல்வளையைக் காப்பதற்காக. இதன் நெருங்கிய உறவான அனடோலிய நாயை, நமீபியாவில் 1994 முதல் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் (Cheetah Conservation Fund) பண்ணையாளர்களுக்குக் கொடுத்து வருகிறது. ஆடு பிழைத்தால் சிவிங்கிப்புலியைச் சுட வேண்டிய அவசியம் குறையும் என்பதே கணக்கு.

மந்தையில்லாத நகர வீட்டில் இது தெருவையே பட்டியாக எண்ணிக்கொள்ளும். பண்ணையிலும் இரவெல்லாம் குரைக்கும் என்பதை அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து, தாண்ட முடியாத உயரத்தில் வேலி எழுப்பிய பிறகே குட்டியை வாங்கப் போக வேண்டும்.